பசியில்லாத நோன்பு

அந்த ரமலானில் என் தம்பியின் சட்டைகளை நான் இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். முதல் தடவை நோன்பு தொடங்கிப் பத்தாம் நாள், இரண்டு பக்கமும் ஓரோர் அங்குலம். இரண்டாம் தடவை பெருநாளுக்கு நான்கு நாள் முன்பு, தோளையே பிரித்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. இருபது வருடமாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறவள் நான். ஒருத்தி வாசற்படி ஏறும்போதே உடம்பு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். கல்யாணமான பெண் உண்டாகியிருந்தால் அவள் மாமியாருக்கு முன்னால் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான், என் வீட்டுப் பிள்ளை ஒரே மாதத்தில் பாதியானதை டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, தைத்தும் கொடுத்துவிட்டு, "மாஷா அல்லாஹ், நோம்பு புடிச்ச ஒடம்பு" என்று திருஷ்டி கழித்தேன். டேப் பொய் சொல்லவில்லை. படித்தவள்தான் தப்பாகப் படித்தாள்.

நாங்கள் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பஜாருக்குப் பிழைக்க வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். எங்களைப் பெற்ற அத்தாவுக்குச் சாக்குக் கடை. அரிசி மண்டியிலும் சுக்குக் கிடங்கிலும் காலியாகும் சாக்குகளை வாங்கி, உதறி, ஓட்டை உள்ளதற்கு ஒட்டுப் போட்டு, மறுபடியும் மண்டிக்காரர்களுக்கே விற்பது தொழில். அத்தா மௌத்தானபிறகு தம்பி கடையைப் பார்த்துக்கொண்டான். என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். என் இடுப்பிலேயே வளர்ந்தவன். என் மூத்த பிள்ளை இவன்தான் என்று என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன், அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த ரமலானுக்கு முன் தம்பியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எங்களுக்கு அதிகம் இருக்கவில்லை. நல்லவன், ஆனால் சோம்பேறி. பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டான். ஐந்து புரோட்டா தின்றுவிட்டு ஆறாவது எங்கே என்பான். நோன்பு நாட்களில் மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாக்கு அடுக்கின்மேல் படுத்துவிடுவான். "ஒன்னப் படச்சது தின்னவும் ஒறங்கவும் மட்டுந்தான்" என்று நான் கேலி செய்வேன்.

அந்த வருடம் ஆள் மாறிவிட்டான். விடிவதற்கு முன்பே எழுந்திருந்தான். எழுந்தானா, படுக்கவே இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. பகலெல்லாம் கடையில் நின்று வேலை செய்தான். அத்தா காலத்திலிருந்து மூலையில் கிடந்த சாக்குகளை எல்லாம் இழுத்துப்போட்டுத் தரம் பிரித்தான். இரவு தராவீஹ் தொழுகையில் முதல் வரிசையில் நின்றான். எல்லாரும் கால் மாற்றி நிற்கும்போது இவன் மட்டும் நட்ட மரமாக நிற்கிறான் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் நான் அம்மா வீட்டுக்குப் போவேன். பள்ளியிலிருந்து வந்த கஞ்சி தூக்குவாளியில் ஆவி பறக்கும். எல்லாருக்கும் கண் அந்த வாளியின் மேலேயே இருக்கும். தம்பி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கஞ்சியை இரண்டு கரண்டி கிளறி, தள்ளி வைத்துவிடுவான். வாயில் ஒன்றும் இல்லாமலேயே தாடை மட்டும் அசைந்துகொண்டிருக்கும்.

"திக்ரு ஓதறான், அல்லா பேரச் சொல்லிட்டே இருக்கான்" என்றாள் அம்மா. அவள் கண் நிறைந்திருந்தது. நானும் நம்பினேன். பகலெல்லாம் பட்டினி கிடந்தவனுக்கு நோன்பு திறக்கும் மக்ரிபு நேரத்தில் பசிக்கவில்லை என்றால் அது என்ன நோன்பு என்று ஒரு பச்சைக் குழந்தைகூடக் கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் அந்தக் குழந்தை இல்லை.

பெருநாள் முடிந்த வாரமே அம்மா பெண் பார்க்க வேண்டும் என்று நின்றாள். "இந்த நல்ல புத்தி மாறறதுக்குள்ள கட்டி வெச்சிரணும்" என்றாள். பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் ஓர் ஊர். நெல்வயலும் பனையும் ஒரு பள்ளிவாசலும் நாலு கடையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது, பி.காம் முடித்தவள். தமிழில் பேசுவாள், எழுதவேண்டுமென்றால் மலையாள எழுத்துத்தான். பிறகு எனக்கு அனுப்பிய செய்திகளெல்லாம் தமிழை மலையாள எழுத்தில் அடித்ததுதான். நாங்கள் போனபோது சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, மற்றப் பெண்கள் மாதிரி தரையைப் பார்க்காமல் தம்பியின் முகத்தை நன்றாக ஏறிட்டுப் பார்த்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. தைரியமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணின் அத்தா விவசாயி, சாலையோரத்தில் சின்ன மளிகைக் கடையும் வைத்திருந்தார். அதிகம் பேசாதவர். எழுந்திருக்கும் நேரத்தில் என்னைத் தனியாக முற்றத்துக்கு அழைத்துக் கேட்டார். "நீங்கதான் மூத்தவங்க. ஒங்க வாயால சொல்லுங்க. பையன் எப்படி?"

நான் மூச்சு விடாமல் சொன்னேன். பீடி இல்லை, கள் இல்லை, ஒரு நோன்பு விடவில்லை, முப்பது நாளும் தராவீஹ் முதல் வரிசை, ராத்திரியில் உறங்காமல் தொழுகிறவன். "ஆளு எளச்சிருக்கறதே அதனாலதான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். எங்கள் பள்ளிவாசல் மஹல்லுவில் ஆள் விட்டு விசாரிக்கக்கூட இல்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். நான் ஆயிரமெல்லாம் சொல்லவில்லை. ஒன்றுதான் சொன்னேன், அதையும் உண்மை என்று நம்பியே சொன்னேன். அந்த ஒன்று போதுமாக இருந்தது.

கல்யாணத்துக்கு அவளுக்கு நான்தான் எல்லாம் தைத்தேன். நிறைந்த உடம்பு. நாலு மாதம் கழித்து அதே துணிகளைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தாள். அளவெடுக்கும்போது மெல்லச் சொன்னாள்.

"அக்கா, அவங்க ஒறங்கறதே இல்ல."

"நடுராத்திரித் தஹஜ்ஜத் தொழுவான். பழக்கம் அப்படி."

"தொழல. கதவுப் பூட்டக் கழட்டறாங்க. நேத்து ஃபேனக் கழட்டிக் கட்டில் மேல பரத்தி வெச்சிருந்தாங்க. மறுபடி மாட்டத் தெரியல. அதுக்கு முன்னாடி கடிகாரம்."

எனக்குச் சுருக்கென்றது. சந்தேகத்தால் அல்ல, கோபத்தால். என் பிள்ளையைப் பற்றி நேற்று வந்தவள் குறை சொல்கிறாளே என்ற கோபம். "புருஷன் வீட்டு வேலை செஞ்சாலும் குத்தம், செய்யாட்டாலும் குத்தமா? ஒனக்கு வேற ஒண்ணும் சொல்ல இல்லையா?" என்று கடித்தேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவள் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். நான் இரண்டு பக்கமும் முக்கால் முக்கால் அங்குலம் குறித்துக்கொண்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, பக்கத்து மண்டிச் சேட்டன் போன் செய்தார். "கடைக்கு ஒரு தடவ வரணும். தனியா வந்தா நல்லது" என்றார். போனேன். ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத்தான் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனால் தம்பி சாக்குக் குவியலின் நடுவில் உட்கார்ந்திருந்தான். கையில் சணல் பிரிக்கும் கத்தி. அத்தாவும் வேலையாட்களும் தைத்து அடுக்கிய சாக்குகள் ஒன்றுவிடாமல் தையல் பிரிக்கப்பட்டிருந்தன. ஒட்டுப் போட்ட துண்டுகள் தனியாக, சணல் நூல் தனியாக, ஓரம் பிரித்த சாக்கு தனியாக. விரல் நுனியெல்லாம் ரத்தம். தூசி மூச்சு முட்டியது.

"என்னடா இது?"

"மெல்லப் பேசு. உள்ள மைக் வெச்சுத் தெச்சிருக்கானுங்க. நான் பேசறதெல்லாம் போலீசுக்குப் போவுது."

"யாரு வெச்சா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கண்மணி விரிந்து, கண்ணே கருப்பாக இருந்தது. இத்தனை மாதமாக நான் அவன் சட்டையை அளந்தேனே தவிர, அவன் கண்ணை ஒரு முறையும் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"தைக்கத் தெரிஞ்சவ நீதான" என்றான்.

அந்தச் சாக்குகளின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். என் பதினான்கு வயதிலிருந்து நான் தூக்கிச் சுமந்தவன் என்னைப் பார்த்துக் கத்தியை மடியில் மறைத்துக்கொண்டான்.

களமசேரிப் பக்கம் ஒரு போதை மீட்பு மையத்துக்கு என் வீட்டுக்காரரும் நானும் அவனைக் கொண்டுபோனோம். மெத்தாம்பெட்டமின் என்று டாக்டர் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. கல்லு, சாதனம் என்று பையன்கள் சொல்வதும் இதுதான் என்றார். அந்த வார்த்தைகளை என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நூறு முறை கேட்டிருக்கிறேன். இதைப் போட்டால் உறக்கம் வராது, பசி எடுக்காது, எடை இறங்கும், பல்லைக் கடித்துத் தாடையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், ஒரே வேலையை விடாமல் மணிக்கணக்கில் செய்வார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பெண்வீட்டு முற்றத்தில் ஒப்பித்த அதே குணங்கள். எப்போது தொடங்கியது என்று கேட்டபோது, தம்பி தலையைக் குனிந்துகொண்டு ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பு என்றான்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "ஆனா நோம்பு ஒண்ணுகூட முறிக்கல அக்கா. அல்லா மேல சத்தியம். சஹர் நேரம் முடியறதுக்கு முன்னாடிதான் இழுப்பேன். பாங்கு சொல்லிட்டா தொடமாட்டேன்."

டாக்டருக்கு இது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. விடியுமுன் சஹருக்குச் சோறு தின்பதற்குப் பதில் அதை இழுத்துவிட்டு, நோன்புக்கு நிய்யத்தும் வைத்துக்கொண்டு, பயபக்தியோடு நாள் முழுக்க இருந்திருக்கிறான். என் தம்பி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கஷ்டமில்லை. வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா, நோம்ப முறிக்கலியே எம்புள்ள." இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இருபத்தெட்டு நாள் கழித்து அவன் திரும்பி வந்தான். கன்னத்தில் சதை வைத்திருந்தது. மத்தியானம் தூங்கினான். பிரித்த சாக்குகளை ஆள் வைத்து மறுபடி தைக்கத் தொடங்கினான். அடுத்த ஒன்றரை மாதம் நாங்கள் எல்லாரும் அவனைச் சுற்றி மெல்ல நடந்தோம், பாலை அடுப்பில் வைத்துவிட்டு நிற்கிறவர்கள் மாதிரி. நான் ஒரு நாள் தம்பி மனைவியிடம் கேட்டேன். "ஒனக்கு வீட்டுக்குப் போகணும்னு தோணலியா?" அவள் சொன்னாள், "நீங்க இருக்கீங்கல்ல அக்கா." அது எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

அப்புறம் அவனுடைய தாடை மறுபடியும் அசைய ஆரம்பித்தது. இந்த முறை அவனுக்குச் சாக்குகள் மேல் சந்தேகமில்லை, அவள் மேல். போலீசுக்குச் செய்தி அனுப்புகிறாள் என்று போனைப் பிடுங்கினான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவளை அறைக்குள் விட்டு வெளியே புதுப் பூட்டுப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். அம்மா வீட்டில்தான் இருந்தாள். "சத்தம் போடாத மோளே, ஜும்மா முடிஞ்சா வந்துருவான், அக்கம்பக்கம் கேக்கும்" என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லியிருக்கிறாள். நான் சாயங்காலம் அஸர் நேரத்தில் தற்செயலாகப் போனேன். பூட்டை அம்மிக்குழவியால் உடைத்தேன். உள்ளே அவள் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "தண்ணி" என்று மட்டும் கேட்டாள்.

அன்று முடிவு செய்தேன். இந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்தது என் வாய். அவளைக் கொண்டுபோய் விடவேண்டியதும் நானே. அவள் அத்தாவின் முன்னால் நின்று, நான் சொன்னது தப்பு, உங்கள் மகளைப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் காறித் துப்பினாலும் வாங்கிக்கொண்டு வரவேண்டும். அம்மா தடுத்தாள். "அவ போனா இவன் செத்துருவான். நீ யாரோட அக்கா?" என்று கேட்டாள். நான் அந்தப் பெண்ணின் துணிகளைப் பையில் அடுக்கினேன்.

மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு படகேறி எர்ணாகுளம் இறங்கி, ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனோம். இரண்டு டிக்கெட் எடுத்தேன். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்தபோது, அவள் அத்தாவிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தாள்.

"அக்கா, அங்க வேண்டா."

"அத்தா ஏசுவாருன்னு பயமா? ஏசினா என்ன ஏசட்டும். தப்பு என்னுது."

"அத்தாவ நெனச்சுப் பயமில்ல. அங்கயும் ஒருத்தன் ஒறங்கறதில்ல."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அவளே சொன்னாள். அவளுடைய அண்ணன், ஊரில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டு வருடமாக இதே கல். வீட்டு மோட்டாரைக் கழற்றிப் போட்டான். தடுக்கப் போன தன் அம்மாவின் மணிக்கட்டை முறித்தான். இவள் படிக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இரண்டாகப் போட்டுக்கொண்டு படுத்தாள். கல்யாணத்தன்று அவனைச் சித்தப்பா வீட்டில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அந்தத் தெருவிலேயே மூன்று வீடு இப்படி, வெளியில் யாரும் சொல்லமாட்டார்கள் என்றாள்.

வயலும் பனையும் தவிர ஒன்றுமில்லாத ஊர். துறைமுகமும் பஜாரும் உள்ள எங்கள் ஊரில்தான் இந்தக் கேடு என்று நினைத்திருந்தேன். அங்கே நெல் அறுக்கிற இடத்துக்கும் அது பஸ் ஏறிப் போயிருக்கிறது.

"ஒனக்கு அப்ப முன்னாடியே…"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே தெரியும்க்கா. அவங்க தாடையப் பாத்தேன்."

"தெரிஞ்சுமாடி சம்மதிச்ச?"

"நீங்க முத்தத்துல அத்தாகிட்ட சொன்னது ஜன்னல்ல கேட்டுச்சு. நோம்பாலதான் எளச்சிருக்கான்னு சொன்னீங்க. அதுதான் உண்மையா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு அந்த வீட்டவிட்டு வரணும்."

அப்போது எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. முற்றத்தில் தனியாக அழைத்து என்னை விசாரித்தாரே அந்த மனிதர்! மகளைத் தள்ளிவிட்டால் போதும் என்றல்லவா எங்கள் மஹல்லுவில் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்திருக்கிறார். பிறகு ஆத்திரமும் அடங்கிவிட்டது. அவர் ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், நாங்களும் ஒன்றை மறைத்தோம். இரண்டு சோற்றையும் தின்றவள் இவள். ரயில் வந்து நின்றது, போனது. நாங்கள் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. டிக்கெட் என் கைப்பையிலேயே கிடந்தது.

அவளை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை, தையல் மெஷின் இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். அம்மா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். எம்புள்ள பொண்டாட்டியத் திருடிட்டா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

தம்பி தினமும் மத்தியானம் வந்து கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சில நாள் மிரட்டுவான், சில நாள் அழுவான். "அவள மட்டும் அனுப்பு அக்கா. நாளைக்கே நிறுத்திடறேன்." நான் கிரில் வழியாகச் சாயா நீட்டுவேன், பூட்டைத் திறக்கமாட்டேன். "நீ மொதல்ல நிறுத்து" என்பேன். என் கையால் வளர்ந்தவனை என் வாசலுக்கு வெளியே நிற்கவைத்துப் பேசுவது எப்படிப்பட்டது என்று எதிரிக்குக்கூடத் தெரியவேண்டாம். அவன் போனபிறகு அந்தச் சாயா கிளாஸைக் கழுவ எனக்கு அரைமணி நேரம் ஆகும். போன மாதம் அவனை இரண்டாம் முறையாக மையத்தில் சேர்த்திருக்கிறோம். இந்தத் தடவை டாக்டர் நாள் கணக்குச் சொல்லவில்லை.

அவள் என்னோடு வேலைக்கு உட்கார்ந்தாள். கொக்கி வைப்பாள், ஓரம் மடித்து அடிப்பாள். ஊரிலிருந்து அவளுக்குப் போன் வருவது அபூர்வம். அவள் அம்மா ஒளித்துப் பேசுவாள், இரண்டு நிமிடத்துக்குள் வைத்துவிடுவாள். ஊருக்கு முன்னால் வாழாவெட்டியாக வந்து நிற்கக்கூடாது என்று அத்தா சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். ஆனாலும் அவள் காத்திருந்தாள். அண்ணனை எங்காவது வேலைக்கு அனுப்பிவிட்டு அத்தா தன்னைக் கூட்டிப்போக வருவார் என்று ஓர் எண்ணம் அவளுக்கு இருந்தது. வாசலில் ஆட்டோ நின்றால் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப்பார்ப்பாள்.

போன வாரம் அவள் அத்தா போன் செய்தார், அவளுக்கு அல்ல, எனக்கு. குரல் கனிவாக இருந்தது. மகனுக்கு ஆலுவாப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறதாம். "அவங்க ஒங்களுக்குப் போன் பண்ணி விசாரிப்பாங்க. சம்பந்தி வீடுல்ல நீங்க. நாலு நல்ல வார்த்த சொல்லணும். கல்யாணம் ஆனா சரியாயிருவான். அது முடிஞ்சா வீட்டுலயும் ஒரு சமாதானம் வரும், இவளயும் நான் வந்து கூட்டிக்கறேன்."

நான் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். நாலு நல்ல வார்த்தை. நான் ஏற்கெனவே சொல்லிப் பழகிய வார்த்தைகள்தான். அதைச் சொன்னால் இவளுக்கு வீடு கிடைக்கும். ஆலுவாவில் ஒரு பெண் உள்தாழ்ப்பாளை இரண்டாகப் போட்டுக்கொள்வாள். இரண்டு நாள் என்னால் ஒரு கழுத்துப் பட்டியை நேராக வெட்ட முடியவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. ஒரு பெண் குரல், என் வயதுதான் இருக்கும். சலாம் சொல்லி, விவரம் சொல்லி, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒரே மகள். அதான் கேக்கறேன். பையன் எப்படி?"

எதிரே அவள் ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். போனில் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் அவளைப் பார்த்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினாள்.

"பொண்ணக் குடுக்காதீங்க" என்றேன். "அவனுக்குக் கல்லுப் பழக்கம் இருக்கு. என் தம்பிக்கும் இருந்துச்சு, நான் நல்லவன்னு சொல்லிக் கட்டி வெச்சேன்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

சாயங்காலமே அவள் அத்தா கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மிகவும் களைத்த குரலில் பேசினார்.

"எம்மகனப் பத்திச் சொல்ல வாய் இருந்துச்சுல்ல ஒங்களுக்கு? அன்னிக்கு முத்தத்துல நான் கேட்டப்ப அந்த வாய் எங்க போச்சு?"

அவர் மறைத்ததை எடுத்துச் சொல்லிப் பதிலுக்குக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் போனை வைத்தார்.

"யாருக்கா?" என்றாள் அவள்.

"ஒங்க அத்தா."

அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "என்னக் கேட்டாரா?"

கேட்டார் என்று சொல்லிவிட எனக்கு எத்தனை ஆசையாக இருந்தது. நல்லா இருக்காளான்னு கேட்டார், சாப்பிடறாளான்னு கேட்டார், ஒரு நாள் வருவேன்னு சொன்னார். எல்லாம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"கேக்கல" என்றேன்.

அவள் "ம்" என்றாள். துணியை மறுபடி எடுத்துக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், முடியவில்லை, மூன்று முறை தவறியது. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.